ஐந்தாம் நம்பர் கால்

தி.நகரில் நான் வேலை பார்க்கும் கடையை யாரும் பெயர் சொல்லித் தேடி வந்ததில்லை. "டாக்டர் செருப்புக் கடை எங்கே?" என்று கேட்டால் பாண்டி பஜாரில் பூ விற்கிறவர்கூடக் கை காட்டிவிடுவார். சர்க்கரை இருக்கிறவர்கள், குதிகால் வலிக்காரர்கள், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் நர்சுகள், மாசமாக இருக்கிற பெண்கள் என்று வருவார்கள். பலர் கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும். மருந்துக் கடைக்குப் போய்விட்டு நேராக எங்களிடம் வருகிறவர்களும் உண்டு.

செருப்பு நன்றாக இருக்கும். அதில் எனக்கு எப்போதும் சந்தேகமில்லை. சோல் மெத்தென்று, காலின் வளைவுக்குத் தகுந்த மேடு பள்ளத்தோடு இருக்கும். ஆனால் நிறம் மூன்றுதான். பிரௌன், கறுப்பு, அப்புறம் கம்பெனி 'டேன்' என்று சொல்லும் இன்னொரு பிரௌன். கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. பதினான்கு வருடத்தில் அதில் செருப்பைப் பார்த்தவர்களைவிடத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டவர்கள்தான் அதிகம்.

வேலை செய்கிறவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு ஜோடி சும்மா கொடுப்பார்கள். அதையேதான் எல்லா இடத்துக்கும் போட்டுக்கொண்டு போவேன். ஒருமுறை கே.கே. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் நாத்தனார் என் காலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உனக்கும் சுகர் வந்துடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை. "கடையில குடுக்கறது" என்றேன். சாப்பிட உட்கார்ந்தபோது செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். மூன்று பந்தி முடியும்வரை வெறுங்காலோடுதான் சுற்றினேன். பட்டுப்புடவைக் கரை தரையில் புரண்டது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், கம்பெனி இனிமேல் ஸ்டைலாகவும் செய்யப்போகிறது என்று சொன்ன நாளில் எங்கள் கடையில் அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அவர் நங்கநல்லூரிலிருந்து ரயிலில் வருகிறவர். எங்கள் பிரௌன் செருப்பைத் தவிர வேறொன்றை அவர் காலில் நான் பார்த்ததில்லை. கிண்டியில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் கூட்டம் முடிந்து வந்த அன்று பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இளவட்டம் யாருமே நம்ம கடைக்குள்ள காலெடுத்து வைக்கறதில்லையாம். அதனால இனிமே ஹீல்ஸ், முன்பக்கம் மூடின பெல்லி ஷூ, கலர் கலரா எல்லாம் வரப்போகுது. கால்வலின்னு வர்றவங்ககிட்ட ஹீல்ஸைக் காட்டினா என்னம்மா நினைப்பாங்க?"

"உள்ள சோல் நம்மளுதுதானே சார்?"

"அப்படித்தான் சொல்றாங்க. பார்ப்போம்."

இரண்டு வாரம் கழித்து டிசைன் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அசோக் நகரில் பிறந்து வளர்ந்தவள், வடக்கே போய்ப் படித்துவிட்டு வந்திருந்தாள். மூன்று நாள் எங்கள் கடை முக்காலியில் உட்கார்ந்து, யார் எதை எடுக்கிறார்கள், எதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க கால் என்ன சைஸ்?" என்றாள்.

"அஞ்சு மேடம்."

காலளக்கும் இரும்புத் தட்டை அவளே எடுத்துவந்து தரையில் போட்டாள். நான் மண்டியிட்டு மற்றவர்கள் காலைப் பிடித்து அந்தத் தட்டில் வைத்துத்தான் பழக்கம். என் காலை இன்னொருவர் பிடிப்பது கூச்சமாக இருந்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. நீளம், அகலம், மேல்பாதத்தின் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

பெண்களுக்கான செருப்பை முதலில் ஐந்தாம் நம்பரில்தான் செய்து பார்ப்பார்களாம். அது சரியாக வந்த பிறகுதான் பெரியதும் சிறியதும். அதற்கு நிஜமான ஒரு கால் வேண்டும், போட்டு நடந்து காட்டவும், எங்கே அழுத்துகிறது என்று சொல்லவும். "நம்ம ஊர்ப் பெண்களோட கால் இப்படித்தான்க்கா இருக்கும், முன்பக்கம் கொஞ்சம் அகலமா. ரொம்ப நல்ல கால் உங்களுக்கு" என்றாள். என் முகத்தையோ முடியையோ யாராவது எப்போதாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். காலைச் சொன்னது அவள் ஒருத்திதான்.

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் காலையில் கிண்டிக்குப் போக ஆரம்பித்தேன். நீளமான மேசையில் மாதிரிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்க வேண்டும், இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். பிறகு ஒரு ஜோடியைக் கொடுத்தனுப்புவார்கள். ஒரு வாரம் வெளியில் போட்டு நடந்துவிட்டு, எத்தனை நிமிஷத்தில் எந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலில் கடுகு மஞ்சளில் ஒரு தட்டைச் செருப்பு தந்தார்கள். வார் கணுக்காலில் உரசுகிறது என்று உள்ளதை எழுதினேன். அடுத்த வாரம் அது மேசையிலேயே இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "அதை விட்டுட்டோம்க்கா" என்றாள் டிசைனர். நான் எழுதிய ஒரு வரியால் ஒரு செருப்பு இல்லாமல் போய்விட்டது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அப்புறம் அந்தச் சிவப்பு வந்தது. மாதுளம்பழத் தோலின் நிறம். முன்பக்கம் மூடி, நுனி லேசாகக் குறுகி, பின்னால் இரண்டு விரல் உயரத்துக்கு ஹீல். உள்ளே எங்களுடைய அதே மெத்து சோல். கையில் எடுத்தபோதே இது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு மந்தைவெளியில் பஸ் இறங்கி நடந்தேன். மெட்ரோ வேலைக்காக அடித்திருந்த தகரத் தடுப்பை ஒட்டி ஒரு ஆள் போகிற அளவுக்குத்தான் வழி. அதில் எதிரே வந்த இரண்டு பெண்கள் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் விலகினார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள், நான் கொண்டுவரும் செருப்புகளை ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவள், "அம்மா, இதுல என் சைஸ் வருமா?" என்று கேட்டாள்.

நாற்பது நிமிஷம் நடந்தால் வலது சுண்டுவிரல் ஓரத்தில் எரிந்தது. மூன்றாம் நாள் அந்த இடத்தில் கொப்புளம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மேலும் நான்கு நாள் நடந்தேன். வெள்ளிக்கிழமை காலை டிசைனர் தாளை நீட்டி, "விரல்கிட்ட எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். "நல்லா இருக்கு மேடம்." "நிஜமா? நுனி கொஞ்சம் குறுகலா வெச்சிருக்கோம், அதான் கேக்கறேன்." "ஒண்ணும் தெரியல." அந்தச் சிவப்பின் அடுத்த மாதிரிக்கும் கேட்டாள், அதற்கடுத்ததற்கும் கேட்டாள். மூன்று தடவையும் 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். வலிக்கிறது என்று எழுதினால் மஞ்சள் செருப்பைப் போல இதையும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். போகப் போகத் தோல் விட்டுக்கொடுக்கும் என்றும் நினைத்தேன். என் கால்தான் கொஞ்சம் அதிக அகலமோ, இது தெரிந்தால் வேறு காலைத் தேடிப் போய்விடுவார்களோ என்றும் இருந்தது. மற்றவர்கள் காலைப் பற்றி இத்தனை தெரிந்த எனக்கு இது தப்பு என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

கடையை ஐந்து நாள் மூடி மாற்றினார்கள். சுவரெல்லாம் வெள்ளை, மர அலமாரி, மேலிருந்து விளக்கு. பிரௌன் செருப்புகள் பின்னால், சரக்கு அறைக் கதவுக்குப் பக்கத்தில் கீழ்த் தட்டுக்குப் போய்விட்டன. கடையின் முகப்புக் கண்ணாடியில் எங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் அந்தரத்தில் குதிக்கிற படம். மறுபடி திறந்த அன்று முதல் ஆளாக வந்தது மயிலாப்பூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு மாமி. உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏண்டிம்மா, கடை மாறி வந்துட்டேனோ?"

"இல்ல மாமி, நம்ம கடைதான். உக்காருங்க."

"அந்தப் பொண்ணு குதிக்கறதைப் பாத்து நேக்கு முழங்கால் வலிக்கறது. என்னோட பிரௌன் இருக்கோல்லியோ? ஆத்துல வாசல்ல நாலு ஜோடி செருப்பு கெடந்தாலும் என்னோடது எதுன்னு கண்ணாடி போடாமயே தெரியும். அதான் வேணும்."

மேனேஜர் தானே போய்க் குனிந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஆனால் புதிய ஆட்களும் வந்தார்கள். கல்லூரிப் பெண்கள், பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்கள். கண்ணாடி முன்னால் கூட்டம் நின்றது. சிவப்பு நன்றாகப் போனது. வாங்கிப் போன சிலர் விரல் ஓரத்தில் கடிக்கிறது என்று திரும்ப வந்தார்கள். ஒரு நம்பர் பெரியதாக மாற்றிக் கொடுத்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் வழக்கமாக வரும் ஓர் அக்கா வந்தார். அடையாறில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறவர். முன்பு அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்தவர்கள், அங்கிருந்து எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார். எட்டு வருடமாகச் சர்க்கரை. வருடத்துக்கு ஒரு ஜோடி ஐந்தாம் நம்பர் பிரௌன் வாங்குவார், என்னிடம் மட்டும்தான் வாங்குவார்.

"இன்னாமே, கடையவே பொரட்டிப் போட்டுகீறீங்கோ?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், சிவப்பைப் பார்த்ததும் நின்றார். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணுக்கு நிச்சயம் வெச்சுகீறோம். மாப்ள வூட்டுக்காரங்க முன்னால அந்த ஆஸ்பத்திரி செருப்ப மாட்டிகினு நிக்க வேணாம்னு பாக்கறேன். இது எனக்கு ஒத்துக்குமா?"

"உள்ள அதே சோல்தான்க்கா."

"நீ போட்டுப் பாத்தியா?"

"மாசக்கணக்கா போட்டு நடந்தேன். நல்லா இருக்கு."

உட்காரவைத்துப் போட்டுவிட்டேன். சர்க்கரைக்காரர்களுக்குச் செருப்பு போடும்போது விரல்களுக்கு மேலே கையால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தரும் பாடம். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும், கடித்தாலும் தெரியாது. நான் அழுத்திப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் இடமே இல்லை. "வலிக்குதா அக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லியே" என்றார். அவர் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ரெண்டு நாள்ல விட்டுக்கும்க்கா" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மகள் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து சிவப்புச் செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அம்மாக்குக் கால்ல புண்ணாயி சீழ் வெச்சிடுச்சு. நிச்சயத்தன்னிக்கு நாள் பூரா இத்த போட்டுகினு நின்னுகினே இருந்துச்சு. ராவு கயட்டும்போதுதான் ரத்தத்தையே பாத்துச்சு. ஆஸ்பத்திரில ஒரு வாரம் வெச்சிருந்து அனுப்பிகீறாங்க."

மேனேஜர் பதறிப்போய், "வேற ஜோடி மாத்தித் தர்றோம்மா, இல்லன்னா பணத்தை..." என்றார்.

"அதுக்கு வர்ல சார். அம்மா கேக்கவும் சொல்லல. இது வூட்ல இருக்க வேணாம்னு நான்தான் எத்துகினு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு வலது செருப்புக்குள் கையை விட்டுத் தடவினேன். சுண்டுவிரல் வரும் இடத்தில் உள்தையல் ஒன்று மேடாக இருந்தது. என் கொப்புளம் வந்த அதே இடம். மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, "போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். விலாசம் கடை நோட்டில் இருந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரே மாதிரி கட்டடங்கள், எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது பாதம் முழுக்கக் கட்டு.

"குந்து" என்றார்.

தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, எனக்கும் அதே எடத்துல கொப்புளம் வந்துச்சு. உங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே வந்துச்சு. ஆபீஸ்லயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல."

மகள் அடுப்பருகில் டீ போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"பின்ன ஏன்மே நல்லா கீதுன்னு சொன்ன?" என்றார் அக்கா.

"அழகா இருந்துச்சுக்கா. சொன்னா எடுத்துடுவாங்கன்னு பயந்தேன்."

"அழகாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு அவர் குரல் ஏறியது. "ரெண்டு வாரமா நிக்க முடியல. ரெண்டு வூட்ல வேற ஆள் போட்டுகினாங்க. சுண்டுவெரல எடுக்கணுமோன்னு டாக்டரு ஒரு வாரம் பாத்துகினு இருந்தாரு, தெரியுமா ஒனக்கு? நான் உங்க போர்டப் பாத்து வாங்கல. அந்தக் குதிக்கற பொண்ணப் பாத்து வாங்கல. ஒன்னிய நம்பி வாங்குனேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன். மகள் டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டீ ஆறிப்போன பிறகு அக்காதான் சொன்னார்: "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது? எவன் அந்தச் செருப்ப செஞ்சானோ அவனாண்ட போயி சொல்லு. இன்னும் எத்தினி பேரு வாங்கிகினு போய்கீறாங்களோ."

செவ்வாய்க்கிழமை கிண்டிக்குப் போனதும் டிசைனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவ கேட்டேனே அக்கா."

"கேட்டீங்க மேடம்."

"உங்க கால் சரின்னு சொன்னதாலதான் அந்தக் கட்டையையே ஓகே பண்ணினேன்." செருப்பை எந்த வடிவத்தின்மேல் இழுத்துத் தைக்கிறார்களோ அந்தக் கால் வடிவக் கட்டையைத்தான் சொன்னாள். "காலைக் காட்டுங்க."

காட்டினேன். சுண்டுவிரல் ஓரத்தில் கறுத்துப்போய்த் தடித்திருந்தது. அவள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, பல கடைகளிலிருந்து இதே புகார் வந்ததாகவும், வாங்கியவர்கள் அளவு மாற்றி எடுத்திருப்பார்கள் என்று தானும் மேலிடத்துக்கு எழுதியிருந்ததாகவும் சொன்னாள். "எனக்கும் அது பிடிச்சிருந்தது, அதான்" என்றாள். பழைய தாள்களை எடுத்துப்போட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உண்மையை எழுதச் சொன்னாள். எழுதினேன். மதியத்துக்கு மேல் அவளுடைய மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன்.

அந்த வாரமே எல்லாக் கடைகளிலிருந்தும் சிவப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. கிண்டிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் கடையில் மண்டியிட்டுக் கால் அளந்துகொண்டிருந்தேன். மேனேஜரிடம், சர்க்கரை என்று வருகிறவர்களுக்குக் கீழ்த் தட்டிலிருப்பதைத்தான் முதலில் காட்டுவேன் என்று சொன்னேன். "நான் முதல்லேருந்தே அதைத்தானே சொல்றேன்" என்றார் அவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து பிரௌன் செருப்புகளைப் பின்னாலிருந்து எடுத்து, ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே கண் மட்டத்தில் அடுக்கினோம். தலைமை அலுவலகத்திலிருந்து கடையின் படம் அனுப்பச் சொன்னபோதெல்லாம் மேனேஜர் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் எடுத்து அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து டிசைனர் கடைக்கு வந்தாள். ஒரு காலை மட்டும் நம்பியது தன்னுடைய தப்பு என்றாள். இனி நான்கைந்து பேர் வேண்டுமாம். ஐந்தாம் நம்பரிலேயே இளம் கால், வயதான கால், அகலமான கால் என்று. அந்த அக்காவைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்டாள். இரண்டு பேரும் போனோம். புண் ஆறியிருந்தது. விரல் தப்பித்துவிட்டது, நகம் மட்டும் திரும்ப வரவில்லை. முன்பக்கம் அகலமாக இருப்பதைத்தான் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டிசைனர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னதும் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எங் கால வெச்சுகினு நீ இன்னா பண்ணப்போற?"

"எங்க கடிக்குதுன்னு நீங்க சொல்லணும்மா."

"எனக்குத்தான் கடிக்கறதே தெரியாதே."

"அதனாலதான்மா. உங்களுக்குத் தெரியாத எடத்துல நாங்க பாக்கணும். அஞ்சு நிமிஷம்தான் போடணும், ஆபீசுக்குள்ள மட்டும். டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தாத்தான்."

"அந்த அஞ்சு நிமிசத்துக்கு ரெண்டு பஸ் மாறி வரணும். ஒரு வூட்டு வேலைய வுடணும். அதுக்கு இன்னா குடுப்பீங்கோ?"

டிசைனர் சொன்ன தொகையை இரண்டு தடவை உயர்த்தச் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார், என்னைக் கை காட்டி. "இவளும் வரணும். என்னிய அங்க தனியா வுடக்கூடாது." அப்படித்தான் என்னை மறுபடியும் கிண்டிக்குக் கூப்பிட்டார்கள். என்மேல் வைத்த நம்பிக்கையால் அவர் சொன்னார் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை கேட்கவும் இல்லை.

இப்போது நாங்கள் ஐந்து பேர். வெள்ளிக்கிழமைகளில் கூடுகிறோம். ஒவ்வொரு முறையும் அக்கா செருப்பைக் கழற்றியதும் அவர் பாதத்தை மடியில் வைத்து, விரல் இடுக்கு, ஓரம், குதிகால் என்று கைவிளக்கு அடித்துப் பார்ப்பது என் வேலை. சிவந்திருந்தால் அந்த இடத்தில் செருப்பில் பேனாவால் வட்டம் போடுவோம். அக்கா எதற்கும் தயங்குவதில்லை. ஒருமுறை மேலதிகாரியே நின்றுகொண்டிருந்தபோது ஒரு ஜோடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "இத்த ஷோகேசுல வெச்சுக்கோங்கோ. காலுக்கு ஆவாது" என்றார். டிசைனர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். மேலதிகாரியும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

சிவப்பு திரும்ப வந்துவிட்டது. கட்டையை மாற்றி, நுனியை அகலப்படுத்தி, உள்தையலை மேலே தள்ளியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் முதலில் வந்த அழகு இதில் இல்லை. கொஞ்சம் சப்பையாகத்தான் தெரிகிறது. விற்பனை சுமார்தான். என் மகள் அதில் ஒரு ஜோடி வைத்திருக்கிறாள். அந்த அக்கா அதைத் தொடுவதேயில்லை. அவர் போடுவது அகலமான இரண்டு வார் குறுக்காகப் போகிற கரும்பச்சைச் செருப்பு. அதுவும் புதிய வரிசையில் வந்ததுதான். அடையாறில் கைவிட்டுப்போன இரண்டு வீடுகளில் ஒன்று அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

போன வெள்ளிக்கிழமை மேசையில் வெள்ளை நிறத்தில் கயிறு கட்டும் ஷூ இருந்தது. அக்கா வாழ்க்கையில் ஷூ போட்டதில்லை. நான் குனிந்து கயிற்றை இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ ஏன்மே கட்ற? எப்டின்னு காட்டு, நானே கட்டிக்கறேன்."

என் காலில் இருந்ததை அவிழ்த்து மெதுவாக முடிந்து காட்டினேன். அவருக்கு நான்காவது தடவைதான் வந்தது. ஒரு காது பெரிதும் ஒரு காது சிறிதுமாக முடிச்சு விழுந்தது. அது போதும் என்று சொல்லிவிட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார். வராந்தாவின் அந்தக் கோடிவரை இரண்டு பேரும் நடந்தோம். டிசைனர் கையில் கடிகாரத்தோடு பின்னால் வந்தாள். திரும்புகிற இடத்தில் அவர் நின்று தரையில் இரண்டு தடவை காலை ஊன்றிப் பார்த்தார்.

"இது இன்னா, பஞ்சு மேல நடக்கற மாரி கீது. படிக்கட்டுல வழுக்குமா பாக்கலாம், வா" என்று சொல்லி எனக்கு முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.